கீறல் இருந்தாலும் வாரண்டி கேளுங்கள்

என் போன் ஏழாவது மாதமே சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் மூலையிலிருந்த சின்னக் கீறலைக் காட்டி, "கீழே போட்டிருக்கீங்க சார், வாரண்டி கிடையாது" என்றார்கள்.

கொடுக்கும் முன்பே எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். அதைவிட முக்கியம் ஜாப் ஷீட், அதாவது போனின் நிலையையும் பழுதையும் குறித்து சர்வீஸ் சென்டரில் எழுதும் சீட்டு. 'மூலையில் லேசான கீறல். திரை உடையவில்லை, ஈரம் படவில்லை' என்று எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெறும் 'டேமேஜ்' என்றிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பின்னால் அந்த ஒரு சொல்லை வைத்தே மறுப்பார்கள்.

மறுத்தால், கீறலால் இந்தப் பழுது எப்படி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். எனக்குப் பதிலே வரவில்லை. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்தேன். பணம் திரும்பக் கிடைத்தது. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.