இத்தாலிய ஒழுங்கு வினைகளைப் பிரித்துத் திரிக்கும் முறை

இத்தாலிய வினைத்திரிபு அட்டவணையை முதன்முறை பார்ப்பவருக்கு அது மனப்பாடத்துக்கென்றே செய்யப்பட்டதாகத் தோன்றும். முற்றாக வரும் வினைப்பாங்குகள் (செயலை உறுதியாகவோ, ஐயமாகவோ, நிபந்தனையாகவோ, ஏவலாகவோ சொல்லும் விதங்கள்) நான்கு; அவற்றுக்குள் காலப் பிரிவுகள் 15. ஆனால் அவற்றில் ஏழு, துணைவினையோடு சேர்ந்து வருபவை. அவற்றைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. மீதமுள்ள எட்டையும், பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்கள் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துப் பார்த்தால் மிக விரைவில் கைக்குள் கொண்டு வரலாம். 2018 இறுதியில் வந்த சட்டத்திற்குப் பிறகு இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் பொதுவாக இத்தாலிய மொழியில் பி1 எனப்படும் இடைநிலைத் தேர்ச்சியைக் காட்ட வேண்டியிருப்பதால், தேர்வுக்குத் தயாராகிறவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. இத்தாலியச் சொல்லில் அழுத்தம் விழும் உயிரை இங்கே நெடிலாகவும், மற்ற உயிர்களையெல்லாம் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். எகர ஒகரக் குறில்கள் தமிழ்ச் சொல்லின் இறுதியில் வருவதில்லை என்றாலும், இங்கே அவை வரும், பொறுத்துக்கொள்ளவும். இந்த வேறுபாடு அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. ‘பார்லொ’ என்றால் நான் பேசுகிறேன். ‘பர்லோ’ என்றால் அவர் பேசினார். மேலும், ‘த்த’ என்று எழுதியிருக்கும் இடத்தில் வல்லொலியையும், தனித் தகரத்தில் ‘பந்து’ என்பதில் உள்ள மெல்லிய ஒலியையும் கொள்ளவும்.

முதற்படி: வினையின் இனத்தை அறிதல்

அகராதி வடிவம் ஆரெ, எரெ, ஈரெ ஆகிய மூன்றில் ஒன்றாக முடியும். பர்லாரெ (பேசு), வேந்தெரெ (விற்பனை செய்), ஸெர்வீரெ (பரிமாறு) ஆகிய மூன்றை மாதிரியாகக் கொள்வோம். முடிவை நீக்கினால் எஞ்சுவது பகுதி: பர்ல், வெந்த், ஸெர்வ். நீக்கப்பட்ட முடிவின் முதல் உயிரை மறந்துவிடக் கூடாது. பல காலங்களில் இனத்தைக் காட்டும் அடையாளமாக அதுவே திரும்பி வரும்.

இரண்டாம் படி: நிகழ்காலம்

பார்லொ, பார்லி, பார்ல, பர்லியாமொ, பர்லாத்தெ, பார்லனொ
வேந்தொ, வேந்தி, வேந்தெ, வெந்தியாமொ, வெந்தேத்தெ, வேந்தொனொ
ஸேர்வொ, ஸேர்வி, ஸேர்வெ, ஸெர்வியாமொ, ஸெர்வீத்தெ, ஸேர்வொனொ

வரிசை: நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள். நான் என்பதற்கு ஒ, நீ என்பதற்கு இ, நாம் என்பதற்கு இயாமொ ஆகியவை மூன்று இனங்களுக்கும் பொது. விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால், தமிழில் ‘வருகிறேன்’ என்று சொல்லும்போது ‘நான்’ தேவைப்படாததைப் போலவே இங்கும் எழுவாயை விட்டுவிடலாம்.

அழுத்தத்தைக் கவனிக்கவும். நாம், நீங்கள் ஆகிய இரண்டில் மட்டும் அது விகுதிக்கு நகர்கிறது. ‘அவர்கள்’ வடிவத்தில் மறுபடியும் பகுதிக்கே திரும்பிவிடுகிறது. ‘பர்லானொ’ என்று நீட்டுவது தமிழர் நாவுக்கு எளிது, ஆனால் தவறு.

இனி, ஈரெ வினைகளின் பெரும்பகுதி ஸெர்வீரெ போல நடப்பதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தொடக்க நூல்கள் இதை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவதால்தான் கற்பவர்கள் இங்கே நெடுநாள் தேங்கி நிற்கிறார்கள். ஃபினீரெ (முடி) என்பதைப் பாருங்கள்:

ஃபினீஸ்கொ, ஃபினீஷி, ஃபினீஷெ, ஃபினியாமொ, ஃபினீத்தெ, ஃபினீஸ்கொனொ

பகுதிக்கும் விகுதிக்கும் இடையே ‘இஸ்க்’ என்றொரு சாரியை புகுந்திருக்கிறது. அதன் பின் இ, எ வந்தால் அது ஷகர ஒலியாகிறது. அழுத்தம் விகுதிக்கு நகரும் அந்த இரண்டு இடங்களிலும் சாரியை இல்லை. இந்த ஒற்றுமையைக் கவனித்துவிட்டால் எங்கே வரும், எங்கே வராது என்பதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை.

எந்த வினைக்கு இது வரும் என்பதற்கு ஒரு வழி உண்டு. ‘ஈரெ’ முடிவுக்கு முன் ஒரே மெய் நின்று, அதற்கும் முன் உயிர் இருந்தால் சாரியை பெரும்பாலும் வரும்: ஃபினீரெ, கப்பீரெ (புரிந்துகொள்), புலீரெ (தூய்மை செய்). இரண்டு மெய்கள் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் வராது: ஸெர்வீரெ, பர்த்தீரெ (புறப்படு), அப்ரீரெ (திற). தையலைக் குறிக்கும் குச்சீரெ இந்த விதிக்கு அடங்காது. அது சாரியை ஏற்பதில்லை. ஐயம் வந்தால் அகராதியைப் பார்ப்பதே நல்லது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் த்ரெக்கானி அகராதி, இத்தகைய வினைகளின் தலைச்சொல்லுக்கு அருகிலேயே ‘நான்’, ‘நீ’ வடிவங்களைத் தந்துவிடுகிறது. வினைத்திரிபைத் தானாகக் காட்டும் செயலிகளைவிட இதையே நான் விரும்புகிறேன். முழு அட்டவணையும் கண்முன் விரிந்தால் மூளை உழைப்பதை நிறுத்திவிடுகிறது.

மூன்றாம் படி: தொடர் இறந்தகாலம்

இதுவே எல்லாவற்றிலும் எளியது. பகுதி, இன உயிர், வகர இடைநிலை, விகுதி என்று அடுக்கினால் போதும்: பர்லாவொ, பர்லாவி, பர்லாவ, பர்லவாமொ, பர்லவாத்தெ, பர்லாவனொ. மற்ற இனங்களுக்கு வெந்தேவொ, ஸெர்வீவொ. ஃபினீரெ வினையும் சாரியையைக் கைவிட்டு ஃபினீவொ என்றே வரும். வகரம் தமிழில் எதிர்கால இடைநிலையாயிற்றே, இங்கே இறந்தகாலத்தில் வருகிறதே என்று தயங்க வேண்டாம். ‘அந்த நாளில் தாத்தா கதை சொல்லுவார், நாங்கள் சுற்றி உட்காருவோம்’ என்று கடந்தகால வழக்கத்தைத் தமிழும் அதே வகரத்தால்தான் சொல்கிறது. இத்தாலிய வடிவத்தின் முதன்மையான பயன்களில் ஒன்றும் அதுவே.

நான்காம் படி: எதிர்காலமும் நிபந்தனை வடிவமும்

இவ்விரண்டும் அகராதி வடிவத்தின் இறுதி உயிரை நீக்கிய பின் கட்டப்படுபவை. ஆரெ இனத்தில் அகரம் எகரமாகத் திரியும் என்பது மட்டுமே விகாரம்.

எதிர்காலம்: பர்லெரோ, பர்லெராய், பர்லெரா, பர்லெரேமொ, பர்லெரேத்தெ, பர்லெரான்னொ
நிபந்தனை: பர்லெரேய், பர்லெரேஸ்த்தி, பர்லெரேப்பெ, பர்லெரேம்மொ, பர்லெரேஸ்த்தெ, பர்லெரேப்பெரொ

இரண்டாம் வரியில் உள்ள ‘ப்ப’ இரட்டித்த ஒலிதான், ஆனால் ‘தம்பி’யில் உள்ள பகரத்தின் மென்மையோடு ஒலிக்க வேண்டும். எதிர்கால விகுதிகள் புதியவை அல்ல. ‘உடைமை கொள்’ என்னும் பொருளுடைய அவேரெ வினையின் நிகழ்கால வடிவங்களான ஓ, ஆய், ஆ, ஆன்னொ ஆகியவை வினையோடு ஒட்டி உருவானவை. நிபந்தனை விகுதிகள் அதே வினையின் இறந்தகாலத்திலிருந்து வந்தவை.

பர்லெரேமொ (பேசுவோம்), பர்லெரேம்மொ (பேசியிருக்கக்கூடும் என்பதன்று, வாய்ப்பிருந்தால் பேசுவோம்) ஆகியவற்றுக்கு இடையே ஒரு மகர மெய்தான் வேறுபாடு. ‘பலி’, ‘பல்லி’ என்பவற்றைக் குழப்பாத தமிழர் காதுக்கு இந்த இரட்டிப்பு கடினமன்று; எழுதும்போதுதான் தவறிவிடும்.

ஐந்தாம் படி: கொன்ஜுன்த்தீவொவும் ஏவலும்

இதைத் தேர்வுக்கான அலங்காரம் என்று எண்ணி ஒத்திப்போடுகிறவர்கள் பலர். அது சரியன்று. அஞ்சலகச் சாளரத்திலோ காவல்துறையின் வெளிநாட்டவர் பிரிவிலோ முதல் நிமிடத்திலேயே இது காதில் விழும்.

எண்ணம், ஐயம், விருப்பம் ஆகியவற்றைச் சொல்லும் வினைகளின் பின் வரும் இப்பாங்கின் நிகழ்காலத்தில் உயிர்கள் இடம் மாறுகின்றன. ஆரெ இனம் இகரத்தை ஏற்கிறது. மற்ற இரண்டும் அகரத்தை ஏற்கின்றன. ஒருமை மூன்றுக்கும் ஒரே வடிவம்: பார்லி, வேந்த, ஸேர்வ, ஃபினீஸ்க. பன்மையில் பர்லியாமொ, பர்லியாத்தெ, பார்லினொ. வெந்தியாமொ, வெந்தியாத்தெ, வேந்தனொ.

இனி ஏவல். தெரியாதவரிடம் மரியாதையாகச் சொல்ல, தமிழ் பன்மையைப் பயன்படுத்துகிறது. இத்தாலிய மொழியோ ‘லேய்’ என்னும் படர்க்கை ஒருமையை எடுத்துக்கொள்கிறது. அந்த மரியாதை ஏவல், மேலே சொன்ன வடிவமேதான். ஆகவே நண்பரிடம் ‘ஸ்கூஸ’ (மன்னி), அதிகாரியிடம் ‘ஸ்கூஸி’ (மன்னியுங்கள்). நண்பரிடம் ‘ஸேன்த்தி’ (கேள்), மற்றவரிடம் ‘ஸேன்த்த’ (கேளுங்கள்). ஒன்றில் அகரம் நெருக்கத்தையும் இகரம் மரியாதையையும் காட்ட, மற்றதில் அது தலைகீழாகிறது. காரணம், முதல்வினை ஆரெ இனம், இரண்டாவது ஈரெ இனம். ‘அஸ்பேத்தி’ (காத்திருங்கள்), ‘ஃபீர்மி’ (கையொப்பமிடுங்கள்), ‘ப்ரேந்த’ (எடுத்துக்கொள்ளுங்கள்) ஆகிய மூன்றையும் முதலில் வாயால் பழகிவிட்டு, பிறகு அட்டவணைக்குப் போவதே என் பரிந்துரை. நீ என்பவரைத் தடுக்கும் எதிர்மறை ஏவலுக்குத் திரிபே வேண்டாம்: ‘நொன் பர்லாரெ’ (பேசாதே).

கொன்ஜுன்த்தீவொவின் இறந்தகாலம் பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸெ, பர்லாஸ்ஸிமொ, பர்லாஸ்த்தெ, பர்லாஸ்ஸெரொ. ‘ஆல்’ என்னும் பொருள் தரும் ‘ஸெ’ சொல்லுக்குப் பின், நிகழ வாய்ப்பில்லாததைச் சொல்லும்போது இதுவே வர வேண்டும். நிபந்தனை வடிவம் வாக்கியத்தின் மறுபாதிக்கு உரியது. ‘ஸெ பர்லெரேய்’ என்பது பிழை. ‘ஸெ பர்லாஸ்ஸி’ என்பதே சரி.

ஆறாம் படி: கூட்டு வடிவங்கள்

‘பேசி’ என்பதை மாற்றாமல் இருக்கிறேன், இருந்தேன், இருப்பேன் என்று துணைவினையை மட்டும் மாற்றுவதைப் போலவே இங்கும். வினையெச்சத்தின் இடத்தில் பர்லாத்தொ, வெந்தூத்தொ, ஸெர்வீத்தொ ஆகியவை நிற்கும்; அவேரெ வினையைத் திரித்தால் போதும்: ஓ பர்லாத்தொ (பேசினேன், பேசியிருக்கிறேன்), அவேவொ பர்லாத்தொ (பேசியிருந்தேன்), அவ்ரோ பர்லாத்தொ (பேசியிருப்பேன்). போதல், வருதல், புறப்படுதல் போன்ற வினைகள் ‘இரு’ என்னும் ஏஸ்ஸெரெயைத் துணையாகக் கொள்ளும். அப்போது எழுவாயின் பாலும் எண்ணும் ஈற்றில் தெரிய வேண்டும். ஆண் ‘ஸோனொ பர்த்தீத்தொ’ என்பார், பெண் ‘ஸோனொ பர்த்தீத்த’ என்பார்.

எஞ்சியிருப்பது தொலை இறந்தகாலம்: பர்லாய், பர்லாஸ்த்தி, பர்லோ, பர்லாம்மொ, பர்லாஸ்த்தெ, பர்லாரொனொ. வட இத்தாலியில் பேச்சில் இது அரிது. அங்கிருப்பவர்கள் வாசிக்கும்போது அடையாளம் கண்டால் போதும். சிசிலியிலோ நேற்று நடந்ததையும் இதில் சொல்லக் கேட்கலாம் என்பதால், இலங்கைத் தமிழர் பலர் வாழும் பலெர்மோவில் இதைத் தள்ளிவைக்க முடியாது.

பின்சேர்க்கை: ஒழுங்கு வினைதானே, எழுத்து ஏன் மாறுகிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். மாறுவது எழுத்துதான், ஒலியன்று. செர்க்காரெ (தேடு) என்பதில் ககர ஒலியைக் காக்க, இ, எ ஆகியவற்றுக்கு முன் உரோமன் எழுத்தில் ஓர் ‘எச்’ சேர்க்கப்படுகிறது: சேர்க்கி, செர்க்கெரோ. மன்ஜாரெ (சாப்பிடு) என்பதில் இதற்கு மாறாக, தேவையற்ற ‘ஐ’ எழுத்து விழுந்துவிடுகிறது: மான்ஜி, மன்ஜெரோ. இன்வியாரெ (அனுப்பு) என்பதில் மட்டும் ‘நீ’ வடிவத்தில் இரண்டு ‘ஐ’ எழுத்துகளும் நிற்கும். அங்கே முதல் இகரத்தின் மேல் அழுத்தம் விழுகிறது: இன்வீயி.