பழைய ரயர் வாங்கேக்க தவாளிப்புக்கு முதல் திகதியைப் பாருங்கோ

திருகோணமலை உவர்மலையில என்ர பழைய சுபாரு எஸ்.ரி.ஐ கார் நிக்குது. அதுக்கு 225/45ஆர்17 அளவில நாலு புது ரயர் போடுற வசதி எனக்கில்லை. பாவிச்சதைத்தான் வாங்குறன், தேவை முடிய விக்கிறன்.

வாங்கேக்க முதல்ல பக்கச்சுவரில டி.ஓ.டி எண்டு தொடங்கிற எண்ணைத் தேடுங்கோ. கடைசி நாலு இலக்கம் 2319 எண்டால், 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. சில ரயர்ல ஒரு பக்கத்தில மட்டும்தான் அது முழுசா இருக்கும், திருப்பிப் பாருங்கோ. கொழும்புப் பக்கம் பழைய சாமான் விக்கிற ஒரு யாட்டில, 6 மில்லிமீற்றர் தவாளிப்பு இருக்கெண்ட சந்தோசத்தில ஒரு சோடி வாங்கிப் பின்னுக்குப் போட்டன். மாரி மழைக்குள்ள கன்னியாப் பக்கம் ஒரு வளைவில வால் விலகிச்சுது. வந்து பார்த்தால் 11 வருசப் பழசு! நகத்தால அமத்தினாலும் பதியாத ரப்பர். இங்க மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல ஓடக்கூடாது, பிறகேன் 300 வரைக்கும் தாங்கிற, ‘வை’ எண்ட வேக எழுத்துப் போட்ட ரயர் எண்டு கேப்பியள். எனக்கு வேண்டியது ஈரத்தில பிடிக்கிற அந்த மென்மைதான். வயசு போனால் அதுவும் போச்சு.

சோடி மட்டும் வாங்கினதும் என்ர மடைத்தனம். இது மாதிரி நாலு சில்லும் இழுக்கிற வண்டியில தேய்வு வித்தியாசப்பட்டால் சுற்றளவு மாறும், முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற நடு டிபரன்சல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். நாலும் ஒரே ரகம், ஒரே தேய்வில வாங்குங்கோ.

சிலர் தேய்ஞ்ச ரயரின்ர தவாளிப்பைச் சூட்டுக் கத்தியால ஆழமா வெட்டி, பொலிஷ் பூசி வைப்பினம். தவாளிப்புக்கு அடியில 1.6 மில்லிமீற்றர் உயரத்தில குறுக்கால ஒரு திட்டு இருக்கும். அது வெட்டுப்பட்டிருந்தால் திரும்பி வாங்கோ. உள்பக்கத்தையும் கையால தடவுங்கோ. கறுப்புத் தூள் வந்தால் காத்தில்லாமல் ஓடின ரயர். பக்கச்சுவர்ல வீக்கமோ ஒட்டோ இருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

விக்கேக்க “அரைவாசி இருக்கு” எண்டு சொல்லாதேங்கோ. புதுசு 8 மில்லிமீற்றர், 1.6ல முடிஞ்சுது. 4 இருந்தால் ஓடக்கூடியது 2.4 மட்டும்தான். நான் உள், நடு, வெளி மூண்டு இடத்திலயும் அளந்து, திகதியோட படம் எடுத்து அனுப்புவன். ஒட்டிருந்தால் அதையும் சொல்லுவன். ரிம்மில இருந்து கழட்டித்தான் காட்டுவன்.

விலைபடும் வரைக்கும் வெயில்லயோ ஜெனரேற்றருக்குப் பக்கத்திலயோ வைக்காதேங்கோ, ரப்பர்ல வெடிப்பு விழும். என்ர நாலும் இப்ப சாமான் அறையில நிக்குது. மனிசிக்கு அந்த மணம் துண்டாப் பிடிக்காது.