உறங்கும் இணையப் பதிவுகளைக் கண்காணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிறுவனம் 1990-களில் ஐபி முகவரித் தொகுதி ஒன்றைப் பெற்றிருக்கும். பிறகு அது மூடப்பட்டிருக்கும், வேறொரு நிறுவனத்தோடு இணைந்திருக்கும், அல்லது தன் சர்வர்களையெல்லாம் கிளவுடுக்கு மாற்றியிருக்கும். முகவரிகளை ஒதுக்கிப் பதிவுசெய்யும் அமைப்பான பதிவகத்தின் ஏட்டில் தொகுதி பழைய பெயரிலேயே இருக்க, எந்த முகவரிக்கு எந்த வழி என்று காட்டும் உலகின் ரவுட்டிங் அட்டவணையில் அதன் சுவடே இராது. வலையமைப்புகளுக்கு அடையாளமாக வழங்கப்படும் ஏஎஸ் எண்கள் பலவற்றின் நிலையும் இதுவே. இவற்றைத்தான் உறங்கும் பதிவுகள் என்கிறோம்.

இந்த முகவரிகளை என் வழியாக அடையலாம் என்று வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கப் பயன்படும் நெறிமுறை பிஜிபி. ஒரு தொகுதியை அறிவிப்பவர் அதற்கு உரியவர்தானா என்று அது தானாகக் கேட்பதில்லை. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபின் 208.65.153.0/24 தொகுதியை (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் தொகுதியின் அளவைக் காட்டும்; எண் சிறிதானால் தொகுதி பெரிது) தன்னுடையதாக அறிவித்தபோது, யூடியூப் உலகெங்கும் மறைந்துபோனதால் சில நிமிடங்களில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உறங்கும் தொகுதியை ஒருவர் கைப்பற்றினால் எந்தத் தளமும் மறையாது, எந்த வாடிக்கையாளரும் புகார் செய்யமாட்டார். திருடுபவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? உலக அளவில் முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஐயானாவின் ஐபிவி4 கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்துபோன பிறகு, முகவரிகள் சந்தையில் விலைக்குக் கைமாறும் பொருளாகிவிட்டன. யாரும் கவனிக்காத ஒரு /16 தொகுதி இன்று பல லட்சம் டாலர் பெறும். ஆகவே இவற்றைக் கண்காணிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எதைக் கண்காணிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

ரவுட்டிங் அட்டவணையை மட்டும் பார்ப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. தொகுதி அட்டவணையில் தோன்றியதும் அலர்ட் வரும்படி அமைத்துவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் கைப்பற்றலில் அறிவிப்பு என்பது கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளெல்லாம் ஆவணங்களில் நடந்து முடிந்திருக்கும். வெளியூரில் இருப்பவரின் காலி மனையை அபகரிப்பவன் முதலில் வேலி போடுவதில்லை, பத்திரத்தைத்தான் தயார் செய்கிறான்.

ரஷ்யாவின் லிங்க் டெலிகாம் நிறுவனத்துக்கு 2011-இல் நேர்ந்ததை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். நிறுவனம் நெருக்கடியில் இருந்தது, அதன் முகவரிகள் பயன்பாட்டில் இல்லை, பதிவகத்தில் தொடர்புக்கெனக் கொடுத்திருந்த மின்னஞ்சலின் டொமைனும் காலாவதியாகிவிட்டது. ஒருவர் அந்த டொமைனைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டார். அந்தக் கணம் முதல், பதிவகம் பொதுவில் காட்டும் உரிமையாளர் விவரமான ஹூயிஸ் பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கு யார் கடிதம் எழுதினாலும் பதில் எழுதுபவர் அவர்தான். உரிமையாளராகத் தன்னைக் காட்டிக்கொண்டு அமெரிக்க அப்ஸ்ட்ரீம் நிறுவனம் (மற்ற வலையமைப்புகளுக்கு இணைய இணைப்புத் தருவது) ஒன்றிடம் இணைப்புப் பெற்றார். அந்த நிறுவனம் சரிபார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. உண்மையான உரிமையாளர் திரும்பி வந்து புகார் செய்யும்வரை, பல மாதங்களுக்கு அந்த முகவரிகளிலிருந்து ஸ்பேம் போய்க்கொண்டிருந்தது. இதில் எந்த பாஸ்வேர்டும் உடைக்கப்படவில்லை. அறிவிப்பும் அதே நிறுவனத்தின் ஏஎஸ் எண்ணிலிருந்துதான் வந்தது என்பதால், அறிவிப்பவர் மாறியிருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும் கருவி எதுவும் இதைப் பிடித்திருக்காது. அறிவிப்புக்கு முன்பே பிடிபட்டிருக்கக்கூடிய இடம் டொமைனின் காலாவதித் தேதிதான்.

பதிவகத்தின் ஏடே திருத்தப்பட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆப்பிரிக்க வட்டாரப் பதிவகமான அஃப்ரினிக் 2021 ஜனவரியில் வெளியிட்ட தணிக்கை அறிக்கையின்படி, 23 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் அதன் சொந்தக் கையிருப்பிலிருந்தும், ஏறத்தாழ 17 லட்சம் முகவரிகள் பழைய நிறுவனங்களின் மரபுத் தொகுதிகளிலிருந்தும் (வட்டாரப் பதிவகங்கள் வருமுன்பே வழங்கப்பட்டவை) முறைகேடாக எடுக்கப்பட்டிருந்தன. அங்கே அறிவிப்பையும் ஹூயிஸ் பதிவையும் ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தவே செய்யும், ஏனெனில் மாற்றப்பட்டதே பதிவுதான். நேற்றைய பதிவின் நகல் கையில் இருப்பவருக்கு மட்டுமே மாற்றம் தெரியும்.

அந்த நகலைச் சேர்ப்பது கடினமன்று. ஐந்து வட்டாரப் பதிவகங்களும் தங்கள் ஒதுக்கீட்டுப் பட்டியலை நாள்தோறும் எளிய உரைக்கோப்பாக வெளியிடுகின்றன. ஒவ்வொரு வரியிலும் பதிவகத்தின் பெயர், நாட்டுக் குறியீடு, வகை, தொடக்க முகவரி, எண்ணிக்கை, தேதி, நிலை ஆகியவை செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்டிருக்கும். விரிவான வடிவத்தில் எட்டாவதாக ஓர் அடையாளக் குறியும் உண்டு. அது பார்ப்பதற்குப் பொருளற்ற எழுத்துக் கோவை போலிருக்கும், ஆனால் ஒரே உரிமையாளரின் எல்லாத் தொகுதிகளும் ஏஎஸ் எண்களும் ஒரே குறியைத் தாங்கும். நீண்ட காலம் அசையாமல் இருந்த தொகுதிக்கு இந்தக் குறியோ நாட்டுக் குறியீடோ மாறினால், அன்றே விசாரிக்கத் தொடங்கலாம். இதனுடன் ஹூயிஸ் தொடர்பாளர் மாற்றம், ரிவர்ஸ் டிஎன்எஸ் (முகவரியிலிருந்து பெயரைக் கண்டறியும் முறை) சர்வர்களின் மாற்றம், ரவுட்டிங் பதிவேடுகளில் திடீரென முளைக்கும் புதிய ரூட் பதிவு (எந்தத் தொகுதியை எந்த ஏஎஸ் அறிவிக்கும் என்ற குறிப்பு) ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதிவேடுகளில் ராடிபி போன்றவை வட்டாரப் பதிவகங்களுக்கு வெளியே நடப்பவை. முகவரி ஒரு வட்டாரத்தைச் சேர்ந்ததாக இருக்க, ரூட் பதிவு தொடர்பில்லாத வேறொரு பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பொருந்தாமையே ஒரு தடயம்.

காணப்படவில்லை என்றால் பயனில் இல்லை என்று கொள்வது

பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் 25.0.0.0/8 தொகுதி பொது இணையத்தில் நெடுங்காலம் அறிவிக்கப்படாமலே இருந்தது. அதே நாட்டின் நலத்துறையிடம் இருந்த 51.0.0.0/8 வீணாகக் கிடக்கிறது என்று 2012-இல் குரல் எழுந்தபோது, உள் வலையமைப்பில் அது பயன்படுகிறது என்று அரசு பதிலளித்தது. ரவுட்டிங் அட்டவணையில் தோன்றாமை ஒரு தொகுதி அறிவிக்கப்படவில்லை என்பதை மட்டுமே சொல்லும். அதுகூட, நாம் பார்க்கும் இடத்திலிருந்து அறிவிக்கப்படவில்லை என்பதுதான். ஐரோப்பா உள்ளிட்ட வட்டாரத்தின் பதிவகமான ரைப் என்சிசியின் ஆர்ஐஎஸ், ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரவுட்வியூஸ் ஆகிய அறிவிப்புத் திரட்டிகள் தம்மோடு இணைந்துள்ள வலையமைப்புகள் காட்டுவதை மட்டுமே காண்கின்றன. ஏதோ ஒரு இணையப் பரிமாற்று மையத்தில் சில அண்டை வலையமைப்புகளுக்கு மட்டும் கசியவிடப்படும் அறிவிப்பு அவற்றுக்கு எட்டாமலே போகலாம், கைதேர்ந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அறிவிக்கப்படாத முகவரிக்குப் போக்குவரத்தே வராது என்ற எண்ணமும் சரியில்லை. 2010 தொடக்கத்தில் 1.0.0.0/8 ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்நிக்குக்கு ஒதுக்கப்பட்டதும், அதிலிருந்த 1.1.1.0/24 உள்ளிட்ட சில சிறு தொகுதிகளை ரைப் என்சிசி சோதனைக்காக அறிவித்துப் பார்த்தது. தவறாக அமைக்கப்பட்ட கருவிகள் அனுப்பிய குப்பையால் 10 எம்பிபிஎஸ் இணைப்பு உடனே நிரம்பி வழிந்தது. உறங்கும் தொகுதியை எழுப்புபவர் அனுப்புவதற்கு மட்டுமன்றி, பெறுவதற்கும் எழுப்பலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு தவறு உண்டு. எழுந்ததெல்லாம் திருட்டு என்று முடிவு கட்டுவது அது. 2021 ஜனவரி 20 அன்று, அமெரிக்காவில் ஆட்சி கைமாறுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, குளோபல் ரிசோர்ஸ் சிஸ்டம்ஸ் என்ற, அதுவரை யாரும் கேள்விப்படாத நிறுவனம் தன் ஏஎஸ் 8003 எண்ணிலிருந்து, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நெடுநாள் உறங்கிய முகவரிகளை அறிவிக்கத் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் அது ஏறக்குறைய 17.5 கோடி முகவரிகளாகப் பெருகியது. பெயர் தெரியாத நிறுவனம், பிரம்மாண்டமான தொகுதிகள், விசித்திரமான நேரம் என்று சந்தேகத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. கடைசியில், அது தன்னுடைய சோதனைத் திட்டம்தான் என்று பாதுகாப்புத் துறையே கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில் அறிவிப்புகள் துறையின் சொந்த எண்ணான ஏஎஸ் 749-க்கு மாறின.

எனவே ஒற்றை அறிகுறியை வைத்து ஓலமிடுவதைவிட, அறிகுறிகள் ஒன்றுசேர்வதைப் பார்ப்பதே முறை. என் கணிப்பில் எடை மிகுந்தவை மூன்று. பல ஆண்டுகள் மௌனமாக இருந்த தொகுதியும், அதே அளவு மௌனமாக இருந்த ஏஎஸ் எண்ணும் ஒரே நாளில் சேர்ந்து எழுவது முதலாவது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல உரிமையாளர்களின் உறங்கும் தொகுதிகள் ஒரே ஏஎஸ் வழியாக வெளிவருவது இரண்டாவது. பதிவில் உள்ள நாட்டுக்கும் தொழிலுக்கும் சம்பந்தமே இல்லாத அப்ஸ்ட்ரீம் நிறுவனம், அறிவிப்பு கடந்து வந்த ஏஎஸ் எண்களின் வரிசையான பாதையில் தோன்றுவது மூன்றாவது. இந்த மூன்றாவது தனித்து வந்தால் அதற்குப் பெரிய பொருள் இல்லை, ஏனெனில் வாடகைக்கும் விற்பனைக்கும் போன தொகுதிகள் அத்தனையும் அப்படித்தான் தோன்றும்.

ஆர்ஓஏ இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பது

முகவரி உரிமையை டிஜிட்டல் கையொப்பத்தால் உறுதிசெய்யும் ஆர்பிகேஐ முறையில், எந்தத் தொகுதியை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று உரிமையாளர் கையொப்பமிட்டுச் சொல்லும் பதிவே ஆர்ஓஏ. பயன்படுத்தாத தொகுதிக்கும் தங்கள் சொந்த ஏஎஸ் எண்ணைக் குறித்து ஆர்ஓஏ எழுதி வைப்பவர்கள் உண்டு. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது இங்கே தாக்குபவருக்கு உதவியாகிவிடுகிறது. அவர் பாதையின் கடைசியில் அந்த ஏஎஸ் எண்ணைப் போலியாகச் சேர்த்து அறிவித்தால், சரிபார்ப்பில் அது செல்லுபடியாகும் அறிவிப்பாகவே தேறும். உண்மையான அறிவிப்பு எதுவும் போட்டியிட இல்லாததால் முழுப் போக்குவரத்தும் அவர் கைக்கே போகும். /16 தொகுதிக்கு ஆர்ஓஏ எழுதும்போது அதிகபட்ச நீளமாக /24 என்று தாராளமாகக் குறித்துவிட்டு, /16-ஐ மட்டும் அறிவிப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் இருந்தால் நுண்ணிய தொகுதியே வெல்லும் என்பதால், பயனில் இருக்கும் தொகுதிக்குள்ளேயே இப்படி உறங்கும் துண்டுகள் உருவாகிவிடுகின்றன. 2022-இல் வெளியான ஆர்எஃப்சி 9319 என்ற இணைய நடைமுறை ஆவணம் இதை எதிர்த்தே பரிந்துரை செய்கிறது.

முற்றிலும் உறங்கும் தொகுதிக்கு எழுத வேண்டியது ஏஎஸ் 0 என்று குறிக்கும் ஆர்ஓஏ. ஏஎஸ் 0 எந்த வலையமைப்புக்கும் வழங்கப்படாத எண், ஆகவே எந்த அறிவிப்பும் அதோடு பொருந்தாது, அத்தொகுதியும் அதற்குள் அடங்கும் எல்லா நுண்தொகுதிகளும் செல்லாதவையாகிவிடும். ஆனால் அதே தொகுதிக்கு வேறு எண்ணுடன் பழைய ஆர்ஓஏ ஒன்று மிச்சமிருந்தால், ஏஎஸ் 0 அதைத் தடுக்காது, பழையதே வெல்லும். முதலில் பழையதை நீக்க வேண்டும். மீண்டும் தொகுதியைப் பயன்படுத்தும் நாள் வந்தால் ஏஎஸ் 0-க்குப் பதிலாகச் சரியான ஆர்ஓஏ எழுதிய பிறகே அறிவிக்க வேண்டும்.

மரபுத் தொகுதிகளில் இந்த வழிகூட எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. வட அமெரிக்கப் பதிவகமான ஏரினுடன் ஒப்பந்தம் செய்யாத மரபு உரிமையாளர்களால் அங்கே ஆர்ஓஏ உருவாக்க முடியாது. உறங்கும் தொகுதிகள் பல இவர்களிடம் இருப்பதால், எங்கே பாதுகாப்பு மிகவும் தேவையோ அங்கேதான் அது குறைவு. ஆர்ஓஏ இல்லாத அறிவிப்பைச் சரிபார்ப்பு முறை நிராகரிக்காது, அறியப்படாதது என்று வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளும்.

ஏஎஸ் எண்ணின் நிலை வேறு. ஆர்ஓஏ முகவரிக்குத்தான் காவல். என் ஏஎஸ் எண் பயன்பாட்டில் இல்லை, அதைப் பாதையில் கண்டால் நம்ப வேண்டாம் என்று சொல்ல அதில் இடமில்லை. ஓர் ஏஎஸ்ஸின் அப்ஸ்ட்ரீம் யார் என்று கையொப்பமிட்டுச் சொல்லும் ஏஎஸ்பிஏ என்ற புதிய வகைப் பதிவு இந்தக் குறையைத் தீர்க்க உருவாகி வருகிறது, ஆனால் அது இன்னும் பரவலாகவில்லை. அதுவரை, உறங்கும் எண் அறிவிப்பைத் தொடங்கிய எண்ணாக, அதாவது பாதையின் கடைசியில், வருகிறதா என்று மட்டும் பார்க்காமல், பாதையின் நடுவில் எங்கேனும் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பல அலர்ட் அமைப்புகளில் இந்த இரண்டாவது தேடல் சேர்க்கப்படாமலே இருக்கும்.

சிறிய தவறுகள், பெரிய விளைவுகள்

போகான் பட்டியல் இதையெல்லாம் வடிகட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது ஒதுக்கப்படாத முகவரிகளுக்கானது. உறங்கும் தொகுதி முறையாக ஒதுக்கப்பட்டது என்பதால் அதில் இடம்பெறாது.

தொகுதியை அறிவிக்க உரிமையாளர் அனுமதித்ததாகச் சொல்லும் அங்கீகாரக் கடிதத்தை ஆதாரமாகக் கொள்வது அப்ஸ்ட்ரீம் நிறுவனங்கள் தொடர்ந்து செய்யும் தவறு. பிறருடைய செயலற்ற தொகுதிகளுக்கு உரியவர்கள் போலப் போலிக் கடிதங்களைக் கொடுத்து, அவற்றிலிருந்து விளம்பர மின்னஞ்சல் அனுப்பியதாக அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு நிறுவனத்தின் அதிகாரிகள் மீது 2018-இல் வழக்குத் தொடரப்பட்டது. 2022-இல் அவர்கள் குறைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டனர். லெட்டர்ஹெட் வைத்த ஒரு பிடிஎஃப் கோப்பை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஆர்ஓஏ ஒன்றை எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டால், பதிவகத்தின் கணக்கு கையில் இல்லாதவரால் முடியாது.

தொடர்புக்குத் தனிநபரின் மின்னஞ்சலைக் கொடுப்பது இன்னொன்று. அவர் வேலையை விட்டுப் போனதும் பதிவு அநாதையாகிவிடும். பொறுப்பின் பெயரில், நிறுவனம் விட்டுவிடாத ஒரு டொமைனில், குறைந்தது இருவர் படிக்கும் பெட்டியாக அது இருக்கட்டும். இந்தியாவில் தேசியப் பதிவகமான ஐஆர்ஐஎன்என் வழியாக முகவரி பெற்றவர்கள் அங்குள்ள விவரத்தையும் ஏப்நிக்கின் ஹூயிஸில் தெரிவதையும் சேர்த்தே சரிபார்ப்பது நல்லது.

அலர்ட் வந்த பிறகு செய்யும் தவறு ஒன்றும் உண்டு. அறிவித்த ஏஎஸ்ஸின் தொடர்பாளருக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த எண்ணே கைப்பற்றப்பட்டதாக இருந்தால், கடிதம் போய்ச் சேருவது திருடியவரிடம். பாதையில் அதற்கு அடுத்திருக்கும் அப்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் இயக்க மையத்துக்கு, தொகுதி, கண்ட நேரம், பாதை, பதிவின் முந்தைய நகல் ஆகியவற்றோடு எழுத வேண்டும்; நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிக்க வேண்டும். அறிவிப்பு நின்ற பிறகு, போலி ரூட் பதிவுகளை அந்தந்தப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி எழுதுவதும், ஸ்பேம்ஹாஸ் போன்றவற்றின் தடைப்பட்டியலில் தொகுதி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் மிச்சமிருக்கும். நீக்கப்படாத ரூட் பதிவு ஒன்று பதிவேட்டில் கிடந்தால், அடுத்த முறை அதே தொகுதியை அறிவிக்க வருபவருக்கு, இந்தப் பதிவுகளை வைத்து அமைக்கப்படும் வடிகட்டி ஏற்கெனவே திறந்தே இருக்கும்.