ஐரோப்பிய ஒயினை எந்த உணவோடு பரிமாறுவது?

ஐரோப்பிய ஒயின் பாட்டிலை முதன்முதலாகக் கையில் எடுப்பவரைக் குழப்புவது, லேபிளில் திராட்சையின் பெயர் இல்லாமல் ஊரின் பெயர் மட்டும் இருப்பதுதான். ஆஸ்திரேலியாவில் ‘ஷார்டனே’ என்று திராட்சையின் பெயராலேயே விற்கப்படும் ஒயின், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ‘ஷாப்ளி’ என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கி வரும். 1935இல் பிரான்சு வகுத்த ஊர்ப்பெயர்ச் சட்டமும் பிற நாடுகளின் அத்தகைய சட்டங்களும், எந்த ஊரின் பெயரில் விற்கும் ஒயினை எந்தத் திராட்சையிலிருந்து செய்யலாம் என்பதை வரையறுத்திருப்பதால், ஊரை அறிந்தவருக்குத் திராட்சையும் தெரிந்துவிடும். பர்கண்டியின் சிவப்பு ஒயின் பெரும்பாலும் பினோ நுவார். பிரான்சின் சான்செர் ஊரின் வெள்ளை ஒயின் சோவிஞோன் பிளாங்க். இத்தாலியின் பரோலோ நெபியோலோ. கியான்டியில் முதன்மையானது சான்ஜோவேசே. ஸ்பெயினின் ரியோகாவில் டெம்ப்ரனில்லோ. பிரான்சின் போர்தோவிலோ பல திராட்சைகளின் கலவையே வழக்கம். ஜெர்மனியும் பிரான்சின் அல்சாஸ் பகுதியும் திராட்சையின் பெயரை லேபிளிலேயே அச்சிட்டு நமக்கு வேலையைக் குறைத்துவிடுகின்றன.

அடுத்ததாக, ஒயினின் புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே நாவில் இனங்காணப் பழக வேண்டும். துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாக எண்ணிப் பழகிய நமக்கு இது கடினமன்று. வாழைப்பூவையும் பால் சேர்க்காத கடுந்தேநீரையும் சுவைத்தவர் எவரும் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார். சிவப்பு ஒயின் தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிப்பதால் அவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஒயினில் இறங்குகிறது. அது உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால்தான் வாய் வறண்டதுபோல் ஆகிறது. கொழுப்பும் புரதமும் மிக்க இறைச்சியோடு பருகும்போது அந்தக் கடுமை தணிந்துவிடும்.

இதற்குச் சிறந்த சான்று வடமேற்கு இத்தாலியின் பியமோன்தே பகுதியில் விளையும் பரோலோ. அதன் வெளிறிய நிறத்தைப் பார்த்து மென்மையான ஒயின் என்று எண்ணுபவர் முதல் மிடறிலேயே ஏமாந்துபோவார், ஏனெனில் நெபியோலோவுக்குத் துவர்ப்பும் புளிப்பும் ஒருசேர மிகுதி. குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், பக்குவப்படுத்திய பின்னரே விற்க வேண்டும் என்று விதியிருந்தும், இளம் பரோலோவைத் தனியே பருகுவது எனக்கு இன்பமாகத் தோன்றியதில்லை. அதே ஒயினில் பல மணி நேரம் மெல்ல வேகவைத்த மாட்டிறைச்சியோடு பரிமாறினால் அது வேறொரு பானமாகிவிடுகிறது. வாட்டிய ஆட்டிறைச்சிக்கு ரியோகா பொருந்தும்; அதன் லேபிளில் ‘ரெசர்வா’ என்றிருந்தால் குறைந்தது மூன்றாண்டுகள் முதிர்ந்தது என்று பொருள்.

புளிப்பைப் பொறுத்தவரை, ஒயினின் புளிப்பு உணவின் புளிப்பைவிடக் குறைந்திருக்கக் கூடாது. தக்காளிச் சாற்றோடு சமைத்த பாஸ்தாவுக்குக் கியான்டி இசைவது இதனால்தான். மீனுக்குத் துவர்ப்பு மிக்க சிவப்பு ஒயினைத் தவிர்ப்பது நல்லது. சில சிவப்பு ஒயின்களில் கரைந்துள்ள இரும்பு கவிச்சி வாடையைத் தூண்டிவிடும். துவர்ப்புக் குறைந்த பினோ நுவார் மட்டும் விதிவிலக்காக, வாத்திறைச்சி, காளான் ஆகியவற்றோடு சால்மன் மீனுக்கும் பொருந்தும்.

கடற்சிப்பிகளுக்கு ஷாப்ளி ஏற்றது என்பது பழைய வழக்கு. அவ்வூரின் சுண்ணாம்புமண்ணில் தொல்காலச் சிப்பிகளின் படிமங்கள் கிடப்பதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. கேட்க அழகாக இருந்தாலும், சிப்பியின் மீது எலுமிச்சை பிழிவதற்கு என்ன காரணமோ அதுவே, அதாவது புளிப்பே, இதற்கும் காரணம் என்பது என் கருத்து. சான்செரை அடுத்த சாவிஞோல் ஊரின் ஆட்டுப்பால் சீஸுக்குச் சான்செரின் வெள்ளை ஒயினைவிடப் பொருத்தமான துணை இல்லை. பொதுவாகவே சீஸுக்குச் சிவப்பைவிட வெள்ளை ஒயின்தான் நன்றாக இணங்கும்.

காரமான உணவுக்கு ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கில் விளையும், மதுச்சாரம் குறைந்து சற்றே இனிக்கும் ரீஸ்லிங் வெள்ளை ஒயினைத் தேர்ந்தெடுக்கலாம், ஏனெனில் மதுச்சாரம் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், சிறிது இனிப்போ அதைத் தணிக்கும். இனிப்பு எவ்வளவு என்பதை அறிய லேபிளிலுள்ள மதுச்சார விழுக்காட்டைப் பார்த்தால் போதும்: 8 அல்லது 9 என்றிருந்தால் சர்க்கரை முழுவதும் நொதிக்காமல் எஞ்சியிருக்கிறது, 12 என்றாலோ ‘ட்ரோக்கன்’ என்று எழுதியிருந்தாலோ இனிப்பு அநேகமாக இல்லை.

வெள்ளை ஒயினை 8 முதல் 12 டிகிரியிலும் சிவப்பை 14 முதல் 18 டிகிரியிலும் பரிமாற வேண்டும். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறுக என்னும் அறிவுரை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் கொண்டது. சென்னையில் அதைப் பின்பற்றினால் சாராய நெடியே மேலோங்கும், ஆகவே அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும்.

உணவின் முடிவில் இனிப்புப் பண்டம் வருமானால், ஒயின் அதைவிட இனிப்பாக இருக்க வேண்டும். இல்லையெனில் ஒயின் வெறும் புளிநீராகத் தோன்றும். ஒருவகைப் பூஞ்சை படர்ந்து சுருங்கிய செமியோன் திராட்சையை முதன்மையாகக் கொண்டு செய்யப்படும் சோத்தெர்ன் என்னும் பிரெஞ்சு இனிப்பு ஒயின் இதற்கு ஏற்றது. உப்பு மிகுந்த ரோக்ஃபோர் சீஸோடு அது இன்னும் சிறக்கும். ஆளுக்கு ஒரு சிறு கோப்பையே போதுமாகையால், நால்வருக்கு 375 மில்லி அரைப் பாட்டில் வாங்கினால் சரியாக இருக்கும்.