பேச்சாளர் மாறும்போது திரை தடுமாறாமல் இருக்க

ஐந்து பேர் பேசும் கூட்டத்தில் ஐந்து லேப்டாப்பை மாற்றி மாற்றிச் செருகினால், ஒவ்வொரு முறையும் புரொஜெக்டர் 'நோ சிக்னல்' காட்டும். அதற்குள் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே லேப்டாப்பில் ஓட்டுவதுதான் வழி. பவர்பாயின்ட் தெரிந்தால் போதும்.

1. முந்தின நாளே எல்லோருடைய பிபிடியையும் வாங்கி, ஒரே ஃபோல்டரில் 01, 02 என்று பெயரிட்டு வையுங்கள். பிறகு பெயரை மாற்றாதீர்கள்.

2. ஒவ்வொன்றையும் திறந்து எழுத்துருவைப் பாருங்கள். தமிழில் பேசுபவர்களுக்கு இது மிக முக்கியம். பாமினியில் அடித்த ஸ்லைடு, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். பாவம், பேச்சாளர் மேடையில் திகைத்து நிற்பார். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அவருடைய கணினியில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' (ஃபான்ட்டையும் கோப்புக்குள்ளேயே சேர்ப்பது) டிக் செய்து சேமித்து அனுப்பட்டும்.

3. அதே ஃபோல்டரில் புதிய பிபிடி ஒன்று. அதில் ஒரே ஸ்லைடு: பேச்சாளர்கள் பெயரும் தலைப்பும், வரிசையாக. ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட், லிங்க் போய் அவருடைய கோப்பைக் காட்டுங்கள். எல்லாப் பெயருக்கும் இப்படியே.

கூட்டத்தில் இந்தப் பட்டியலை எஃப்5 தட்டி ஓட்டுங்கள். பெயரைக் கிளிக் செய்தால் அவருடைய ஸ்லைடு முழுத்திரையில் வரும். முடிந்ததும் திரை கறுப்பாகும். இன்னொரு கிளிக், பட்டியல் திரும்பிவிடும். அடுத்தவரை அறிமுகப்படுத்தும் நேரம் முழுக்க அவர் பெயர் திரையில் நிற்கும். டெஸ்க்டாப் யார் கண்ணிலும் படாது.

எல்லா ஸ்லைடையும் ஒரே கோப்பில் ஒட்டிவிடலாமே என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒட்டும்போது அவரவர் வடிவமைப்பு கலைந்துபோகலாம். கடைசி நேரத்தில் ஒருவர் திருத்தம் கொண்டுவந்தால் மறுபடி வெட்டி ஒட்ட வேண்டும். லிங்க் முறையில், திருத்திய கோப்பை அதே பெயரில் மாற்றி வைத்தால் வேலை முடிந்தது.

4. அரங்கில் சார்ஜரைச் செருகி, நோட்டிஃபிகேஷனையும் ஸ்லீப்பையும் அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் தெரிவதே புரொஜெக்டரிலும் தெரிய, விண்டோஸ் கீயுடன் பி அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். வீடியோ இருந்தால் ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

5. ஒத்திகையில் முழு உரையும் வேண்டாம். ஒருவருடைய கடைசி ஸ்லைடிலிருந்து அடுத்தவருடைய முதல் ஸ்லைடுக்குப் போய்ப் பாருங்கள். லிங்கைத் தொட்டதும் பாதுகாப்பு எச்சரிக்கை ஏதாவது வந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

ஸ்லைடு எண் போடச் சொல்ல மறக்காதீர்கள். கேள்வி நேரத்தில் யாராவது பழைய வரைபடத்தைக் கேட்டால், பட்டியலில் அந்தப் பெயரைக் கிளிக் செய்து, எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேரே அங்கே போய்விடலாம்.