எடிட்டிங்குக்கு எஸ்எஸ்டியா? முதலில் போர்ட்டைப் பாருங்கள்

திருகோணமலையில் கலியாண வீடு, கோணேசர் கோயில் திருவிழா, நிலாவெளிக் கடற்கரை என்று 4கே-யில் வீடியோ எடுத்துத் தள்ளுபவர்களுக்கு ஒரு குறிப்பு. சுழலும் ஹார்ட் டிஸ்க் சேமித்து வைக்கத்தான் நல்லது. அதிலிருந்தே எடிட் செய்தால் டைம்லைன் திக்கித் திக்கித்தான் ஓடும். எக்ஸ்டேர்னல் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான வெளி டிரைவ், எடுங்கள்.

ஆனால் பெட்டியில் விநாடிக்கு 2000 எம்பி என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த வகை டிரைவ்கள் பலவற்றுக்கு யுஎஸ்பி 3.2 ஜென் 2×2 என்ற வேகமான வகை போர்ட் வேண்டும். பல லேப்டொப்களில் அது கிடையாது, பெரும்பாலான மெக்புக்குகளிலும் இல்லை. அப்போது வேகம் 1000 எம்பி அளவில் நின்றுவிடும். 4கே வேலைக்கு அதுவே தாராளம், 1000 எம்பி வகையையே எடுத்தால் மிச்சக் காசுக்கு 2 டிபியாக வாங்கலாம்.

கடைக்கு லேப்டொப்பையும் கொண்டுபோங்கள். உள் எஸ்எஸ்டியிலிருந்து 50 ஜிபிக்கு மேல் ஒரு ஃபோல்டரைக் கொப்பி பண்ணிப் பாருங்கள். மலிவான டிரைவ் முதலில் பறக்கும், கேஷ் (டிரைவுக்குள் இருக்கும் வேகமான தற்காலிக இடம்) நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம், கேபிள். ஃபோன் சார்ஜ் பண்ணும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 தான், விநாடிக்கு 40 எம்பி தாண்டாது. டிரைவோடு வந்ததையே பாவியுங்கள்.