கேரவன் லெவலிங் வால்வு: பிரித்து, ரப்பர் மாற்றி, திரும்ப மாட்டும் முறை

ராத்திரி நேராக நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். இன்ஜினை ஓடவிட்டால் ஏர் ஏறி, தானே நிமிர்ந்துகொள்ளும். பழைய ஆம்னி பஸ் சேஸில் கேரவன் கட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. உள்ளே படுத்திருப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். விடிவதற்குள் தலையணையோடு சுவரோரம் போயிருப்பார். பட்டறையில் காட்டினால் "பெல்லோ போயிருக்கும்ணே" என்பார்கள். வண்டியைத் தாங்கும் காற்று நிரம்பிய ரப்பர் பையைத்தான் பெல்லோ என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது பெல்லோவுக்கு மேலே, சேஸில் உள்ளங்கை அளவில் உட்கார்ந்திருக்கும் லெவலிங் வால்வின் மேல்தான்.

அதைப் பிரித்து உள்ளே இருக்கும் ரப்பர்களை மாற்றுவது ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாராலும் முடிகிற வேலை. எது கெட்டது என்று பிரிப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். அதனால் அந்தப் பகுதியை நீட்டியே சொல்கிறேன்.

அது எப்படி வேலை செய்கிறது?

வீட்டு மாடித் தொட்டியில் மிதவை வால்வு தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொள்வதுபோல, இது வண்டியின் உயரத்தைப் பார்த்துக்கொள்கிறது. வால்வு சேஸில் போல்ட் போட்டு நிற்கும். அதிலிருந்து நீளும் கைப்பிடி, ஒரு லிங்க் ராடு வழியாக ஆக்சிலோடு கட்டப்பட்டிருக்கும். வண்டியில் ஆள் ஏறினால் சேஸ் தாழும், கைப்பிடி மேலே போகும், டேங்கிலிருந்து காற்று பெல்லோவுக்குள் போகும். ஆள் இறங்கினால் எல்லாம் தலைகீழ். பெல்லோவின் காற்று வெளியே போகும். கைப்பிடி நடுவில் இருந்தால் இரண்டு வழியும் அடைப்பு.

உள்ளே பார்த்தால் அதிகம் ஒன்றும் இல்லை. கைப்பிடியைத் திருப்பும் ஷாஃப்டின் நுனியில் மையம் விலகிய ஒரு சிறு முளை. அது குழாய்போல் நடுவில் துளையுள்ள ஒரு பிளஞ்சரை ஏற்றி இறக்கும். பிளஞ்சருக்கு மேலே ரப்பர் முகம் வைத்த இன்லெட் வால்வும் ஒரு ஸ்பிரிங்கும். பிளஞ்சர் ஏறும்போது அதன் வாய் ரப்பர் முகத்தில் அழுந்தி மூடிக்கொள்ளும். இன்னும் ஏறினால் ரப்பரையே தூக்கி டேங்கின் காற்றைத் திறந்துவிடும். இறங்கும்போது வாய் ரப்பரை விட்டு விலகும்; பெல்லோவின் காற்று பிளஞ்சரின் துளை வழியே இறங்கி வெளியேறும். பல வால்வுகளில் டேங்குப் பக்கம் ஒரு செக் வால்வும் இருக்கும், டேங்கு காலியானாலும் பெல்லோவின் காற்று திரும்பிப் போகாமல் தடுக்க. நான் இங்கே சொல்வது இந்த பிளஞ்சர் வகையைத்தான். கைப்பிடியை அசைத்துச் சில நொடி கழித்துக் காற்று விடும் வகை ஒன்று உண்டு. அதற்குள் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். ரப்பர் ரிப்பேர் கிட்டோடு அந்த எண்ணெயும் கிடைத்தால் ஒழிய அதைத் திறக்க வேண்டாம். முழுவதும் பிளாஸ்டிக்கில் ஒட்டி மூடிய வால்வையும் திறக்க வழியில்லை, புதிதுதான்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

சாயங்காலம் ஏர் முழுவதும் ஏறியதும் இன்ஜினை அணைத்து, நான்கு சக்கரத்துக்கு மேலும் பாடியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் மறுபடி அளங்கள். பெரும்பாலான பஸ் சேஸில் பின்னால் இடது வலது என்று இரண்டு வால்வு, முன்னால் ஒன்றே ஒன்று. ஆகவே பின்பக்கம் ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த மூலையின் வால்வு, பெல்லோ, ட்யூப் மூன்றில் ஒன்று. முன்பக்கம் முழுவதும் இறங்கினால் முன் வால்வு அல்லது அதன் கிளைகள்.

இந்த மூன்று வால்வுக் கணக்கைக் கலைக்காதீர்கள். "முன்னாடியும் ரெண்டு போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று நாலாவதை மாட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தளத்தை நிறுத்த மூன்று புள்ளி போதும். நாலாவது வந்தால் வால்வுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒன்று ஏற்றும், எதிர்மூலை இறக்கும், கம்ப்ரஸர் ஓயாது.

அடுத்து சோப்பு நுரை. துணி சோப்பைத் தண்ணீரில் குழைத்து பெயின்ட் பிரஷ்ஷால் பூசுங்கள். வண்டி சட்டென இறங்கினால் நசுங்கிவிடுவீர்கள் என்பதால் கீழே நுழைவதற்கு முன் அடுத்த பகுதியில் சொல்லும் முட்டுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பெல்லோவின் மடிப்பு, மேல் கீழ் தகடு, ட்யூப் இணைப்புகள் எல்லாவற்றிலும் பூசிப் பார்த்துவிட்டு, கடைசியாக வால்வுக்கு வாருங்கள். ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் குமிழி வந்தால் ஷாஃப்ட் ஓ-ரிங். மூடி விளிம்பில் வந்தால் மூடியின் ஓ-ரிங். காற்று வெளியேறும் துளையில் விடாமல் வந்தால் உள்ளே ரப்பர் முகமோ அது உட்காரும் இன்லெட் சீட்டோ கெட்டிருக்கிறது.

லிங்க் ராடைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதன் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் புஷ் நைந்து, ராடு லொடலொட என்று ஆடினால் வால்வின் மேல் குற்றமே இல்லை. புஷ்ஷை மாற்றி, உயரத்தைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. கைப்பிடியை நன்றாகத் தூக்கியும் பெல்லோ ஏறவே இல்லை என்றால், டேங்குப் பக்கத் துளையில் இருக்கும் சிறு வலைச் சல்லடை அழுக்கில் அடைத்திருக்கும்; அல்லது டேங்கிலேயே பிரஷர் போதாது. பிரேக்குக்கு முதலில் காற்று சேரட்டும் என்று சஸ்பென்ஷன் வழியை மூடி வைக்கும் ஒரு வால்வு முன்னால் இருக்கும். அது திறக்கிற அளவுக்குப் பிரஷர் ஏறும்வரை காத்திருங்கள்.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன்

இதை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். சமதளமான சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். மண் தரையில் ஜாக்கி புதையும். சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். முட்டாக வைக்கும் ஸ்டாண்டு நிற்க வேண்டியது சேஸுக்கு அடியில். காற்று போனதும் இறங்கப்போவது பாடி, ஆக்சில் இல்லை. ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே நீட்டாதீர்கள்.

அப்புறம் எல்லா டேங்கிலும் டிரெயின் காக் என்ற வடிகால் திருகைத் திறந்து காற்றை முழுவதும் இறக்குங்கள். செக் வால்வு தடுப்பதால் பெல்லோவில் காற்று அப்படியே நிற்கும். எனவே லிங்க் ராடைக் கழற்றி, கைப்பிடியைக் கீழே தள்ளி அதையும் வெளியேற்றுங்கள். பாடி ஸ்டாண்டில் உட்கார்ந்துவிடும். காற்று போனால் பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், அது நல்லது. ஆனால் அந்த ஸ்பிரிங் பிரேக் சேம்பரை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

கழற்றுதல்

முதலில் போட்டோ. நாலு கோணத்தில் எடுங்கள். துளைகளின் அருகே எண்கள் வார்த்திருக்கும்: 1 டேங்கிலிருந்து வருவது, 21, 22 பெல்லோவுக்குப் போவது, 3 வெளியேறுவது. ட்யூப்களிலும் அதே எண்ணைப் பெயின்டால் எழுதிவிடுங்கள். கைப்பிடி ஷாஃப்டில் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது என்று கைப்பிடி, ஷாஃப்ட், பாடி மூன்றையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடு முக்கியம். தலைகீழாகத் திருப்பி மாட்டினால் சில வால்வுகள் நேரெதிராக வேலை செய்யும்: வண்டி தாழத் தாழக் காற்றை வெளியே விடும்.

ட்யூப்களைக் கழற்றியதும் வாயில் டேப் சுற்றி மூடுங்கள். வால்வை வெளியே எடுத்து, திறப்பதற்கு முன் வெளிப்புறத்தை பிரஷ் போட்டுச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். நம்ம ஊர் செம்மண் புழுதியில் ஒரு துகள் உள்ளே போனாலும் புது ரப்பர் நாளைக்கே பழசாகிவிடும்.

பிரித்தல்

ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்து வேலை செய்யுங்கள். மூடியைக் கையால் அழுத்திக்கொண்டே ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. சர்க்கிளிப் (காடியில் மாட்டும் வளையக் கிளிப்) இருந்தால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வரும் ஒவ்வொன்றையும் வந்த வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்குங்கள். பழைய ஓ-ரிங்கை எடுக்க மூங்கில் குச்சி போதும். திருப்புளியால் நெம்பினால் காடியில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே காற்று ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்த ரப்பர் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிளஞ்சரின் வாய் வருஷக்கணக்காக உட்கார்ந்த இடத்தில் மோதிரம்போல் ஒரு வட்டப் பள்ளம் பதிந்திருக்கும். பள்ளம் ஆழமாகி, அதன் ஓரத்தில் மினுக்கென்று ஒரு மணல் துகள் பதிந்திருந்தால் ராத்திரி முழுக்கக் கேட்ட 'ஸ்ஸ்' சத்தத்துக்குக் காரணம் அதுதான். பிளஞ்சரின் வாயை நகத்தால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். நகம் எங்கேயும் மாட்டக் கூடாது. மாட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்காதீர்கள். அந்த வால்வை விட்டுவிடுங்கள். ஷாஃப்ட் அதன் துளையில் பக்கவாட்டில் ஆடினாலும், பாடியில் வெடிப்பு இருந்தாலும் அதே தீர்ப்பு.

ரப்பர் வாங்குதல்

வால்வின் தகட்டில் இருக்கும் எண்ணைச் சொல்லி ரிப்பேர் கிட் கேளுங்கள். வாப்கோ கம்பெனி வால்வுக்குக் கிட் தேடுவது நமக்குக் கொஞ்சம் சுலபம். இந்தியாவில் அந்தக் கம்பெனி சுந்தரம் கிளேட்டனிலிருந்து கிளைத்தது, அதன் வேரோ 1911-ல் நம்ம மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ்.

கிட் கிடைக்காவிட்டால் ஓ-ரிங்குகளை மட்டும் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் தனியாக வாங்கலாம். பழைய ஓ-ரிங் தட்டையாகி இருக்கும், அதை அளந்தால் கணக்கு தப்பும். வெர்னியரால் காடியின் விட்டத்தையும் ஆழத்தையும் அளங்கள். தடிமன் பெரும்பாலும் 1.78 அல்லது 2.62 மில்லிமீட்டர் போன்ற அங்குல அளவாகவோ, 2, 2.5, 3 என்ற மெட்ரிக் அளவாகவோ இருக்கும். ரப்பர் நைட்ரைல், கடினம் 70 ஷோர். இ.பி.டி.எம். வேண்டாம், கம்ப்ரஸரிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் உப்பிவிடும். ரப்பர் முகம் வைத்த இன்லெட் வால்வுக்கு மட்டும் மாற்று கிடையாது. அது கிட்டில் வந்தால் சரி, வராவிட்டால் புது வால்வு வாங்குங்கள்.

திரும்பக் கோத்தல்

பாகங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பெட்ரோலும் கார்புரேட்டர் ஸ்ப்ரேயும் ரப்பரைக் கெடுக்கும். பனியன் வேஸ்ட் நூல் விடும், அதனால் நூல் விடாத துணி. ஓ-ரிங்குகளில் சிலிக்கான் கிரீஸ் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அப்பினால் சிறு துளைகள் அடைத்துக்கொள்ளும். மரை மேல் ஓ-ரிங்கைத் தள்ளும்போது மரையில் டேப் சுற்றிக்கொண்டால் ரப்பர் அறுபடாது. ஷாஃப்டின் முளை பிளஞ்சரின் காடியில் உட்கார்ந்ததா என்று கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள். 3-ம் துளையின் வாயில் ஒரு ரப்பர் மடல் இருக்கும். சும்மா ஒரு மூடிதானே என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். புழுதியைத் தடுப்பதே அதுதான், மறக்காமல் மாட்டுங்கள். மூடி ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

மேசையில் சோதனை

பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் போதும். 1-ல் காற்று, 21-ல் ஒரு பிரஷர் கேஜ், 22 இருந்தால் அடைப்பான். முதலில் 30 பி.எஸ்.ஐ., பிறகு 100.

கைப்பிடி நடுவில்: கேஜ் முள் பூஜ்யத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மேலே: முள் ஏற வேண்டும். திரும்ப நடுவில்: ஏறிய இடத்திலேயே நிற்க வேண்டும், 3-ல் நுரை வைத்தால் குமிழி கூடாது. கம்ப்ரஸரைத் துண்டித்தாலும், செக் வால்வு உள்ள வால்வில் முள் இறங்கக் கூடாது. கடைசியாகக் கீழே: முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். இதில் எது தவறினாலும் வண்டியில் மாட்டாமல் மறுபடி திறங்கள்.

மாட்டி, உயரம் வைத்தல்

கோடு பார்த்து மாட்டி, ட்யூப் நுனிகளை நேராக வெட்டிச் செருகி, ஸ்டாண்டு அப்படியே இருக்க ஏர் ஏற்றுங்கள். பாடி தானாக ஸ்டாண்டை விட்டு எழும். எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை எவ்வளவு உயரம் என்பது அந்தந்த சேஸின் புத்தகத்தில் இருக்கும். அடுத்த வண்டியைப் பார்த்து வைக்காதீர்கள். உயரம் மாறினால், சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வரும். லிங்க் ராடின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து முதலில் பின்பக்கம் இரண்டும், பிறகு முன்பக்கம். ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கம் கொஞ்சம் நகரும். ஒவ்வொரு முறையும் வண்டி அடங்கும்வரை பொறுத்து அளங்கள்.

ஓட்டிப் பார்க்க மதுரைத் தல்லாகுளத்திலிருந்து நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் ஏறுங்கள். செட்டிக்குளம் வரை 7 கிலோமீட்டருக்கு மேல், வரிசையாகப் பாலத்தின் இணைப்புகள். ஒவ்வொன்றிலும் 'தொப்' என்று ஒரே மாதிரி அடங்கினால் சரி. ஒரு பக்கம் மட்டும் 'டங்'கென்று இடித்தால் அந்தப் பக்க உயரத்தை மறுபடி பாருங்கள்.

திரும்பி வந்து டேங்கின் டிரெயின் காக்கை ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு மேல் திறங்கள். தண்ணீர் தெறித்தால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் கேட்ரிட்ஜ் முடிந்துவிட்டது, மாற்றுங்கள். ஈரக் காற்றில் புது ரப்பரும் சீக்கிரம் போய்விடும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் வேகமாக. கறுப்பு எண்ணெய் தெறித்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் கம்ப்ரஸர் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.